இரண்டு எஞ்சினுக்கு ஒரு டேங்க்

காலையிலிருந்து வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. உங்கள் தம்பி வாங்கியிருக்கும் வள்ளத்துக்கு நாளை முதல் ஓட்டம். எஞ்சின்களுக்கு எண்ணெய் போகும் ரப்பர் ஓசுகளை நம் முன்னறையில் விரித்துப்போட்டு வெட்டிக்கொண்டிருந்தான். மீன் அரிந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். எஞ்சின் இரண்டு, டேங்க் ஒன்று. டேங்கிலிருந்து வரும் ஓசு பாதி வழியில் இரண்டாகப் பிரிந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது.

நீங்களும் அப்படித்தானே மாட்டியிருந்தீர்கள்? ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசித்தான் இரண்டாவது எஞ்சினை வாங்கினீர்கள். அன்றைக்கே கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே டேங்கா? அதுல தண்ணி கலந்தா ரெண்டும்லா நிக்கும்?”

“ஏட்டி, கடலுக்குப் போறது நீயா, நானா?” என்றீர்கள். இன்னொரு டேங்க் வைத்தால் ஐஸ் பெட்டிக்கு இடம் போய்விடுமாம். உங்களிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யார்?

அந்த ஆடி மாதத்துப் பகல். “நல்ல மீனாக்கும், பெரிய கூடையா எடுத்துட்டு வா” என்று வள்ளத்திலிருந்து போனில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் எஞ்சின் இரைச்சல். திடீரென்று அது விக்கியது. ஒரு எஞ்சின் நின்றது. மூச்சு விடுவதற்குள் மற்றதும் நின்றது. நீங்கள் போனை அணைக்காமல் அப்படியே சட்டைப் பையில் போட்டுவிட்டீர்கள்.

நம் வீட்டில் கிணற்றடியில் மட்டும்தான் சிக்னல். நகர்ந்தால் போய்விடும். கத்தி யாரையாவது கூப்பிடலாம் என்றால், என் குரல் கேட்டு உங்கள் கை பதறுமோ என்று பயம். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். “அண்ணே, காத்து பாறைக்குத் தள்ளுது!” என்று கூட வந்தவன் கத்தினான். “துடுப்பைப் போடுல! எண்ணெயில தண்ணி!” என்றீர்கள். எஞ்சினைக் கிளப்ப மட்டும் வைத்திருக்கும் சின்னப் பெட்ரோல் கேனைக் கேட்டு, டேங்குக்குப் பதில் அதை எஞ்சினில் மாட்டச் சொன்னீர்கள். இரும்பு இடிக்கும் சத்தம். கயிற்றை இழுக்கும் சத்தம். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தீர்கள். அலை பாறையில் மோதுவது எனக்கே கேட்டது. முட்டத்துப் பாறையில் பட்டால் ஃபைபர் வள்ளம் என்னவாகும் என்று எனக்குத் தெரியாதா? மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் மட்டும் சொன்னேன்.

நாலைந்து தடவை இழுத்த பிறகு ஒரு எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. நான் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். பெரிய கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் நீங்களாகவே இன்னொரு டேங்க் வாங்கி, எஞ்சினுக்கு ஒன்றாக ஓசுகளைப் பிரித்து மாட்டினீர்கள். சோறு தின்னும்போது, “நீ சொல்லியாக்கும் மாத்துனேன்னு நெனைக்காத” என்றீர்கள். நான் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

கடலிலிருந்து தப்பி வந்த மனுசன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் தம்பியிடம் போய்ச் சொன்னேன். “மக்கா, ஒரே டேங்க் வேண்டாம். எஞ்சினுக்கு ஒண்ணு வை.”

“டேங்க் ரெண்டு வச்சா ஐஸ் பெட்டி எங்க வைக்க, மைனி? எல்லாரும் இப்பிடித்தான் போட்டிருக்காங்க. ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது.”

உங்களுடைய அதே குரல், அதே திமிர். அன்று கிணற்றடியில் கேட்டதையெல்லாம் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஓசுகளை வெட்டினான். நாளை விடிந்தால் இவனும் அந்தப் பாறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியில், “இது நான் சொன்னதில்ல. ஒங்க அண்ணன் சொன்னது” என்றேன்.

அவன் கை நின்றது. “அண்ணனா சொன்னாரு?”

“ஆமா.”

ஓசுகளைப் பிரித்துப் போட்டுவிட்டு இன்னொரு டேங்க் வாங்க பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நம் சண்டையில் கடைசி வார்த்தை எப்போதும் உங்களுடையதுதான். என்னிடம் மிச்சம் இருந்தது டேங்கைப் பற்றி அன்றே நான் சொன்ன பேச்சு ஒன்றுதான், இன்று அதையும் உங்களுக்கே கொடுத்துவிட்டேன். பேர் உங்களுக்கே இருக்கட்டும். அவன் கரைக்கு வந்தால் போதும்.