கடலுக்கு ஸ்வெட்டர், மலைக்கு அடுத்த சீசன்

இன்று காலை கடையில் மலையேறும் சீசனுக்கான சரக்குப் பொதியைப் பிரித்தேன். பூச்சி உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. கம்பளித் தொப்பி, கையுறை, மப்ளர் எல்லாவற்றுக்கும் அடியில் ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். கழுத்தில் மூன்று பொத்தான், இரண்டு பக்கமும் பை. நீ இருந்திருந்தால் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அந்தக் கதையை ஆரம்பித்திருப்பாய். நான் அவசரமாக மடித்து மேல்தட்டில் வைத்தேன். நீ போய் ஒரு வருடம் கழிந்துவிட்டது. இன்னும் அந்தக் கதைக்குப் பயப்படுகிறேன்.

நான் உன்மேல் பொறாமைப்பட்டவள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரே தேயிலைத் தோட்டம், அடுத்தடுத்த லயத்து வீடு. நோர்வூட் கடைத்தெருவில் இந்தத் துணிக்கடையின் ஒரே கவுண்டரில் பதினாறு வருடம் சேர்ந்து நின்றோம். முதலாளி நல்ல மனிதர். ஆனால் லீவு விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம்தான். "ஒராள் போனா மத்தாள் நிக்கணும்." போனது எப்போதும் நீ. நின்றது நான். தீபாவளி வியாபாரம் முடிந்த மறுநாளே, கேட்கலாமா வேண்டாமா என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீ போய்க் கேட்டு வாங்கிவிட்டு வந்து நிற்பாய். "இந்தத் தடவ யாழ்ப்பாணம், புள்ள." அடுத்த தடவை கதிர்காமம். அதற்கடுத்து மன்னார். ஒருமுறை ராமேஸ்வரம், மதுரை என்று பத்து நாள். அந்தப் பத்து நாளும் உன் பக்கத்துக் கவுண்டரையும் நான்தான் துடைத்தேன்.

திரும்பி வந்ததும் அதைவிட மோசம். சேலை எடுக்க வருகிறவர்கள் எல்லாம் உன் பக்கம்தான் வருவார்கள். நீ ஒரு கையால் சேலையை விரித்துக்கொண்டே பயணம் சொல்லுவாய். "புதுச் செருப்போட பயணம் கெளம்பாதீங்க, ரெண்டாவது கோயில்லயே கால் போயிரும்." "எந்த ஊர்ல எறங்குனாலும் மொதல்ல கக்கூஸ் எங்கன்னு கேட்டு வச்சுக்கங்க, அப்பறம் சாமியப் பாருங்க." "வளைவுல வாந்தி வர்றவங்க எலுமிச்சம்பழத்த நகத்தால கீறி மோந்துக்கிட்டு ரோட்டப் பாருங்க, போனப் பாக்காதீங்க." கிழவிகள்கூடத் தலையாட்டிக் கேட்பார்கள். பூண்டுலோயா தாண்டிப் போகாதவர்கள் உன்னிடம் யாழ்ப்பாணத்துக்கு வழி கேட்டார்கள். நீ விரித்துப் போட்ட சேலைகளை நான் மடித்தேன். காது மட்டும் உன் பக்கம் இருந்தது. நீ சொன்ன எல்லாவற்றையும் வீட்டுக்குப் போய்ப் பழைய கொப்பி ஒன்றின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். போகப் போகிறேனா என்ன? இருந்தாலும் எழுதினேன்.

நாம் சேர்ந்து போனது ஒரே ஒரு முறை. கடை ஆரம்பித்து இருபத்தைந்து வருடமாயிற்று என்று முதலாளி எல்லோரையும் வேனில் திருகோணமலைக்குக் கூட்டிப்போனார். அதுவரை நான் கடலைக் கண்டதில்லை. நம் ஊரில் விடியலில் வாசலைத் தாண்டினாலே ஸ்வெட்டர்தான். வெளியூர் என்றால் இதைவிடக் குளிரும் என்றுதான் எனக்கு நினைப்பு. ஊதா ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காலுக்கு இரண்டு சோடி மேஸ் எல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். மணலில் உட்கார்ந்து பையைத் திறந்தபோது நீ எட்டிப் பார்த்தாய்.

"ஏன் புள்ள, கடலுக்குக் குளிரும்னு கொண்டாந்தியா?"

சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துப்போனாய். முதல் அலை வந்தபோது உன் தோளை நான் நகம் பதியப் பிடித்திருந்தேன். "பயப்படாத, அது திரும்பிப் போயிரும்" என்றாய். போயிற்று. அதை யாருக்கும் நீ சொன்னதில்லை. ஸ்வெட்டரைத்தான் சொன்னாய். நோர்வூட் முழுக்கச் சொன்னாய். பிறகு சரக்கு இறக்க வருகிறவர்கள்கூட என்னை "கடல் ஸ்வெட்டர் அக்கா" என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. சிவனொளிபாதமலை. வானம் வெளுத்த காலையில் நம் லயத்து வாசலிலிருந்தே தெரியும். என் மாமா யாத்திரைச் சீசன் மாதங்களில், மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர்ப் பக்கத்துப் படிக்கட்டு ஓரம் தேத்தண்ணிக் கடை போடுவார். கடையில் சேரும் முன்பு அவருக்கு உதவிக்குப் போய்ப் போய் நான் பதினோரு தடவை உச்சி வரை ஏறியிருக்கிறேன். மேலே உள்ள மணியை எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். பதினோராவது முறை நான் அடித்தபோது வரிசையில் நின்றவர்கள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். முடித்துவிட்டுத் திரும்பியபோது ஒரு சிங்கள அம்மா என்னைக் கும்பிட்டார். என் வாழ்க்கையில் ஊர் என்னைப் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

ராமேஸ்வரம் வரை போன நீ பக்கத்து மலையில் ஏறியதில்லை. வேனில் ஆள் சேர்த்துப் போயிருக்கலாம். ஆனால் நீ என்னிடம்தான் கேட்டாய்.

"அது ஒன் மல. ஏறுனா ஒங்கூடத்தான் ஏறுவேன். பௌர்ணமி போயாவுக்குக் கடையும் பூட்டுதானே. லீவும் கேக்கத் தேவயில்ல."

லீவு என்ற சாக்கும் போயிற்று. நான் வேறு சாக்குத் தேடினேன். போயாவுக்குச் சனம் கூடிவிடும், படியில் நசுங்கிப் போவோம் என்றேன். அடுத்த வருடம் மழை என்றேன். அதற்கடுத்து உன் முழங்கால் தாங்காது என்றேன். ஊருக்கெல்லாம் நீ உண்மையான யோசனை சொன்னாய். நான் உனக்குச் சொன்னதெல்லாம் பொய். கூட்டமில்லாத நாள் எது, படியில் எங்கே நின்று மூச்சு வாங்க வேண்டும், எந்தக் கடையில் தேத்தண்ணி சூடாக இருக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ ஏறினால் மறுநாளே கவுண்டரில் அது உன் மலையாகிவிடும். என் பதினொன்றை உன் ஒன்று தின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. "அடுத்த சீசன் பாப்போம் புள்ள" என்று சொல்லியே நாலு சீசனைக் கடத்தினேன்.

அப்புறம் உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாய். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ல முன்னுக்கு உக்காந்தியா? வாந்தி வரலதானே?" வரவில்லை என்றேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

"சீசன் எப்ப தொடங்குது?"

"டிசம்பர் போயாவுக்கு."

"அப்ப இன்னும் நாளிருக்கு" என்றாய். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் அழைத்துப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இனி முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும், சொன்னால் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அந்த நேரத்திலும் வாய் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின கிழமை நீ போய்விட்டாய். இதிலும் முந்திக்கொண்டாய், நான்தான் கவுண்டரில் நின்றேன்.

அந்தச் சீசனில், மாசி முடிவதற்குள், முதலாளியிடம் போய் நானாக லீவு கேட்டேன். பதினேழு வருடத்தில் முதல் தடவை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். சட்டம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கவுண்டரில் நிற்க வேறு ஆளில்லை.

"நான் நிக்கிறன். நீங்க போயிட்டு வாங்க."

கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பகல் வெளிச்சத்தில் ஏறினேன். பழைய செருப்பு. பையில் நகத்தால் கீறிய எலுமிச்சம்பழம். நல்லதண்ணியில் இறங்கியதும் கக்கூஸ் எங்கே என்று கேட்டேன், பதினோரு தடவை போன எனக்குத் தெரியாதா என்ன? கேட்டேன். என் மலையில் உன் யோசனைப்படி ஏறினேன். வழியெல்லாம் உன்னோடு சண்டை. இந்த இடத்தில் நீ உட்கார்ந்திருப்பாய், இந்தத் தேத்தண்ணிக்காரரிடம் ஊர் விசாரித்திருப்பாய், உச்சிக்குப் போவதற்குள் பாதிச் சனத்தைச் சிநேகம் பிடித்திருப்பாய். நான் பதினோரு தடவை ஏறி ஒருவர் பேரும் கேட்டதில்லை. அதை நினைத்து அங்கேயும் எரிச்சல் பட்டேன்.

மணிக்கயிற்றைப் பிடித்தேன். பன்னிரண்டு அடிக்க வேண்டும். மனசுக்குள் எண்ணிக்கை தயாராக இருந்தது. ஒன்று அடித்தேன். கை நின்றுவிட்டது. அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்றிருந்தேன். பிறகு கயிற்றை விட்டுவிட்டேன். பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வட்டகொடைப் பக்கமாம், தங்கச்சியோடு வந்திருந்தாள்.

"மொதத் தடவைங்களா அக்கா? எறங்குறப்ப நேரா கால வைக்காதீங்க. கொஞ்சம் பக்கவாட்டுல எறங்குங்க, முழங்காலு தப்பிக்கும்."

உனக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். "ஆமாங்க, மொதத் தடவ" என்றேன். அவள் சொன்ன மாதிரியே பக்கவாட்டில் இறங்கினேன்.

இன்று மத்தியானம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. நல்லதண்ணிக்குப் போகிறார்களாம். மேலே எவ்வளவு குளிர் என்று அந்தப் பெண் கேட்டாள். மேல்தட்டிலிருந்து ஊதா ஸ்வெட்டரை எடுத்து விரித்தேன். புதுச் செருப்போடு ஏறாதீர்கள் என்றேன், இறங்கினதும் எதைக் கேட்க வேண்டும் என்றேன், எலுமிச்சம்பழம் சொன்னேன், முழங்கால் சொன்னேன். அப்புறம் கடலுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோன ஒருத்தியின் கதையையும் சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அது நான்தான் என்றேன். உன் அளவுக்குச் சொல்ல வரவில்லை. நீ சொன்னால் இன்னும் சிரித்திருப்பார்கள், அது எனக்குத் தெரியும்.

"நீங்க எத்தன தடவ ஏறியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். பதினொன்றும் அவருக்குத் தெரியும்.

"ஒரு தடவதாங்க" என்றேன். "கூட்டாளியோட."