பறக்காத விமானத்தில் அரை மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

மகள் போனில் மறுபடியும் கேட்டாள்: பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான், எப்போது வருகிறாய்? கடையில் தலைக்கு மேல் வேலை என்றேன். ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையில் இந்த மாதம் ஈ ஓட்டுகிறேன். வேலையாம்! விமானம் ஏறவே பயம் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வாய் வருகிறதா?

மார்ச் 7, வெள்ளி

நாளை தோழிகள் மூன்று பேரும், நர்ஸ், டீச்சர், நான், நர்ஸின் காரில் ஊர்சுற்றப் போகிறோம். விமான அருங்காட்சியகமாம், டீச்சரின் யோசனை. எனக்கென்ன, நிற்கும் விமானம்தானே.

மார்ச் 8, சனி

கொட்டகைக்குள் பெரிய பயணிகள் விமானம். உள்ளே போய் உட்காரலாம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தொழில் புத்தி விடவில்லை. நகத்தால் ஜன்னலைத் தட்டிக் காதை வைத்தேன். கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக்! அதற்குப் பின்னால், கீழ் விளிம்புக்குப் பக்கத்தில் — துளை. ஊசிமுனை அளவு. துளை போட்ட இடத்திலிருந்துதான் விரிசல் புறப்படும். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

"இங்க ஓட்டை இருக்குங்க!" என்று கத்தியே விட்டேன்.

சுற்றிக் காட்டும் அம்மா முன்பு விமான மெக்கானிக். சிரித்துக்கொண்டே வந்தார். "வேணும்னே போட்டதும்மா. மொத்தம் மூணு அடுக்கு. அழுத்தத்தை வெளி அடுக்கு தாங்கணும்னுதான் நடு அடுக்குல ஓட்டை. வெளியில இருக்கறது போச்சுன்னா நடுவுல இருக்கறது தாங்கும்."

அப்படியானால் அதுவரை நடு அடுக்குக்கு வேலையே இல்லையா? பனி படியாதா? பறக்கும்போது இறக்கை ஆடுமாமே, ஒடியாதா? கேட்டுக்கொண்டே இருந்தேன். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "இவளைக் கிளப்புங்கப்பா, உள்ள வெச்சுப் பூட்டிடப் போறாங்க."

எழுந்திருக்க முடியவில்லை. வலது கை சீட்டின் கைப்பிடியை விடவில்லை. அரை மணி நேரமாக அப்படியேவா பிடித்திருந்தேன்? நர்ஸ் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள்.

திரும்பும் வழியில் சூரியகாந்தி வயல். வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அத்தனை பூவும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன், நர்ஸ் முந்திக்கொண்டாள்.

"அக்கா, கடையில வேலைன்னு பொண்ணுகிட்ட சொன்னது பொய்தானே?"

அழுதுவிட்டேன். பயமா இருக்குடி, வேற ஒண்ணுமில்ல, பயம்.

"அதை அவகிட்ட சொல்லு," என்றார் டீச்சர்.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மகள், "உன்னைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு நீ இன்னும் கோபமா இருக்கே, அதான் வரலைன்னு நினைச்சேன்மா," என்றாள்.

கடவுளே. மூன்று வருடமாகவா?

மார்ச் 10, திங்கள்

டிக்கெட் போட்டாயிற்று. பட்டனை அழுத்தியது டீச்சர்.

ஏப்ரல் 2, புதன்

மகள் வீடு. விமான நிலையத்துக்கே வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். முதலில் என் கையைத்தான் பிடித்தாள். "இன்னும் பயமா இருக்காம்மா?"

"இருக்கட்டும். வந்துட்டேன்ல."

பின்னால் மருமகன் தயங்கி நின்றார். நேரில் இன்றுதான் பார்க்கிறேன். போட்டோவில் தெரிந்ததைவிட உயரம்.