நங்கை ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

ஜூலை 13, 1997, ஞாயிறு

இன்றும் கோயிலில் என் பக்கத்து இடம் காலி. ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது எங்கள் சபைப் போதகர் ஐயர், “சார் வரலீங்களா டீச்சர்?” என்றார். தலைவலி என்றேன். போன வாரம் வயிற்றுவலி. அடுத்த வாரத்துக்கு எந்த உறுப்பைச் சொல்வதென்று இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

இவர் போவது பீளமேட்டில் ஒரு தகரக் கொட்டகைக்கு. பழைய நூல் குடோன். அதை நடத்துபவர் பாஸ்டர் வரதராஜுலு, முன்பு லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். அங்கே குதிக்கிறார்களாம், விழுகிறார்களாம், ஆவி இறங்கி யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுகிறார்களாம். இவருக்குத் தமிழே ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான். மில்லை மூடி, இவர் கிரைண்டர் பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. எங்கள் பாட்டுக்குழுவில் அடிக்குரலில் பாடியவர். மில்லுக்குப் போட்ட பூட்டை அந்தக் குரலுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

ஜூலை 15

ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்நிய பாஷையிலாவது திட்டியிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

எங்கள் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து பீளமேடு போனேன். வேவு பார்க்கத்தான். கொட்டகை ஜன்னலோரம், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

உள்ளே டிரம்ஸ், கீபோர்டு, ஒரே சத்தம். நடுவில் இவர். கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கி, பாடிக்கொண்டே அழுகிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாண போட்டோவில்கூட இந்த முகம் கிடையாது. எனக்கு வந்தது பொறாமைதான். என் டைரியில் எழுதிக்கொள்ள என்ன வெட்கம்?

வீட்டுக்கு வந்ததும், இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று பிடித்துக்கொண்டேன். “இருந்துட்டுப் போகட்டும் அம்மணி” என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அப்படியா சங்கதி? நான் சரித்திர டீச்சர். ஆதாரத்தோடு நிரூபிக்கிறேன்.

ஜூலை 26, சனி

தோழி மெஹராஜ் வேலை பார்க்கும் காலேஜ் லைப்ரரியில் நாள் பூராவும் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் கென்டக்கி, 1801. வண்டி கட்டிக்கொண்டு வந்து, காட்டில் கூடாரம் போட்டுத் தங்கிய பெருங்கூட்டம். ஆட்கள் விழுந்தார்கள், உதறினார்கள், சிலர் நாய் மாதிரிக் குரைத்தார்கள் என்றுகூட எழுதியிருக்கிறது. பிடித்தேன் பார் என்று நோட்டை எடுத்தால், அடுத்த பத்தியில் ஒரு குண்டு. அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் பிரஸ்பிடீரியன்கள். வந்தது திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்க. அந்த வழக்கம் ஸ்காட்லாந்திலிருந்து கூடவே போனது. அதாவது, எங்களைப் போல பெஞ்சில் அடங்கி உட்காருகிற ரகம்தான் இதை ஆரம்பித்தது.

மெஹராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப குதிச்சது உங்காளுகதானாக்கும்?” என்றாள். வாயை மூடச் சொன்னேன். இவரிடம் இதைச் சொல்வதாக இல்லை.

ஜூலை 30

மறுபடி லைப்ரரி. அடிமைகளாகக் கொண்டுபோன ஆப்பிரிக்கர்கள் வேலை ஓய்ந்த பின் வட்டமாகச் சுற்றி, காலைத் தேய்த்துத் தேய்த்துப் பாடியிருக்கிறார்கள். அதுவும் இந்தக் குதிப்பில் கலந்திருக்கிறது. மாமனார் பண்ணையத்தில் கிடந்து பாடுபட்டவர். தப்பட்டை அடிப்பதில் பேர்போனவர். ஞானஸ்நானம் எடுத்த அன்று மிஷன் துரை சொன்னார் என்று அதைக் கீழே வைத்தவர், பிறகு தொடவே இல்லையாம். இதை நினைத்ததும் கேலி செய்ய மனசு வரவில்லை.

இன்னொரு குண்டும் உண்டு. இந்த மாதிரிச் சபைகளுக்கெல்லாம் ஆரம்பம் என்று, 1906இல் லாஸ் ஏஞ்சலிஸில் அசூசா தெருவில் அந்நிய பாஷை பேசியதைச் சொல்வார்களே, அதற்கு வெகு முன்பே, 1860களில், நம் திருநெல்வேலிப் பக்கம் அதே நடுக்கம், அதே பாஷை எல்லாம் நடந்திருக்கிறது. அமெரிக்கச் சரக்கு என்ற என் கேஸ் தள்ளுபடி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இடி. இவர் முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இருபத்துநாலாம் தேதி, பெருந்துறைப் பக்கம் வாய்க்காலில். கைக்குழந்தையில் தெளித்த தண்ணீர் போதாதாம்.

ஐயரிடம் விசாரித்தேன். மறுபடி முழுகினால் சபையில் பெயரை அடித்துவிடுவார்களாம். அப்புறம் எங்கள் கல்லறைத் தோட்டத்திலும் இடம் கிடையாது. உயிரோடு இருக்கும்போதுதான் பக்கத்து இடம் காலி என்றால், செத்த பிறகுமா?

இவரிடமே கேட்டேன். “நீயும் கூட வாயேன்” என்றார். எனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். நல்லவேளை, வெங்காயம் அரிய வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 12

அந்தியூர்ச் சந்தை முடிந்து நங்கை வந்திருக்கிறார். இவருடைய அக்கா முத்தாத்தாள். இவர் கைக்குழந்தையாக இருந்தபோது மாமனார் கிறிஸ்தவரானார்; அதற்கு முன்பே நங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் இன்னும் அம்மன் பக்கம்தான். இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் திருநீறும் மஞ்சள் பொடியும் இருக்கும்.

சாயங்காலம் பாஸ்டர் வரதராஜுலு வந்தார். சனிக்கிழமை ஓர் அமெரிக்கப் பிரசங்கியார் வருகிறாராம். மொழிபெயர்ப்பவருக்குக் காய்ச்சல். “டீச்சருங்க, நீங்கதான் தமிழ்ல சொல்லித் தரோணும்.” முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நங்கை முந்திக்கொண்டு, தனக்கு வெள்ளைக்காரரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதியே தீர வேண்டும்.

பிரதர் வெர்னன் நல்ல மனுஷர். காலுறையில் ஓட்டை. இந்த அக்கினி எங்கள் கென்டக்கியில் பற்றியது என்று ஆரம்பித்தார். அதைத் தமிழில் சொல்லிவிட்டு, திருநெல்வேலி சங்கதியையும் நானாகச் சேர்த்தேன். அவருடைய ஒரு வரிக்கு என் தமிழ் ஐந்து வரி போனதும் திரும்பிப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

பிறகு பாட்டு. டிரம்ஸ் வேகம் பிடித்தது. இவர் உடம்பெல்லாம் நடுங்கித் தடாலென்று விழுந்தார். நங்கை பார்த்தார். அருள் வந்தால் செய்ய வேண்டியது அவருக்குத் தெரியும். பெண்கள் பக்கமிருந்து விறுவிறுவென்று போய், குடிக்க வைத்திருந்த குடத்தைத் தூக்கி, மஞ்சளைக் கலக்கி, இவர் தலையில் அப்படியே கவிழ்த்தார். டிரம்ஸ் நின்றுவிட்டது. நங்கை கைகூப்பிக் கேட்டார்:

“வந்திருக்கறது யாருங்க? என்னங்க கொறை? சொல்லிப்போடுங்க.”

இவர் கண்ணைத் திறந்தார். மூக்கு நுனியில் மஞ்சள் சொட்டுகிறது.

“நான்தானக்கா” என்றார். முகத்தை வழித்துக்கொண்டார். “கொறை ஒண்ணுமில்ல. மில்லு மூடுனதுக்கப்பறம், ஒரு பாட்டுப் பாடுங்கன்னு ஊட்ல யாருமே கேக்கல.”

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் கையில் மைக். ஆவியானவர் என்ன சொன்னார் என்று பிரதர் வெர்னன் ஆவலாகக் கேட்கிறார். தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறதாம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

“அல்லேலூயா!” என்றார் அவர்.

ஆகஸ்ட் 18

இதைக் கேட்க எனக்கு ஒரு நாள் பிடித்தது. கட்டினவரிடம் பாட்டுக் கேட்க என்ன வெட்கமோ. மாவாட்டி முடித்து இவர் குழவியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ஒரு பாட்டுப் பாடுங்க.”

“எது?”

“ஏதோ ஒண்ணு.”

பாடினார். குழவியைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு முழுக் கீர்த்தனை. குரல் அப்படியேதான் இருக்கிறது. நங்கை எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவைத்துத் தாளம் போட்டார். மாமனார் கையும் இப்படித்தான் போயிருக்கும். அழுதுவிட்டேன். இன்று வெங்காயம்கூட இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடிந்ததும் குளித்துவிட்டுத் துண்டும் கையுமாக நின்றார். வாய்க்காலுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் உலர்ந்த துண்டை மடித்துப் பீரோவில் வைத்தார்.

“பாஸ்டருகிட்டச் சொல்லிப்போட்டேன். அக்கா ஊத்துனதே இன்னும் காயலைங்கன்னு. சாயங்காலமாப் போயி அங்க பாடிக்கறேன்” என்றார்.

கோயிலில் என் பக்கத்து இடம் நிறைந்திருந்தது. மூன்றாவது பாட்டில், ஆர்கன் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, இவருடைய வலது கை மெல்ல மேலே போனது. முன்பெஞ்சு மொத்தமும் திரும்பிவிட்டது. ஐயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தக் கையை இறக்கிவிடத்தான் நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. பாட்டு முடிகிறவரை.

அடுத்த வாரம் ஐயர் கேட்டால், தோள்வலி.