முத்தையாவைப் பேச விட்டது

12-6-34, செவ்வாய்
விடாத மழை. ரயில்வே ஆபீசில் சரக்கு வண்டிக் கணக்கு. முதுகுவலி. வாங்க: மண்ணெண்ணெய், தைலம், செல்லம்மாவுக்கு வெற்றிலை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலை செக்ரட்டரி ஆனதால் வந்த தொல்லை: வெள்ளிக்கிழமை 'லிபரலிசம்' என்றால் என்னவென்று தமிழில் பேச வேண்டும். சொல்லே கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் 'மிதவாதம்' என்கிறார்கள். அது மெதுவாகப் போகிறவனுக்குப் பொருந்தும். 'தாராளம்' என்றால் நன்கொடை விஷயம் என்று நினைப்பார்கள். இப்போதைக்கு 'சுதந்திரக் கொள்கை'.

14-6, வியாழன்
தூறல். குறிப்பு எழுதினேன்.

ஐரோப்பாவில் மதத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தார்கள். சலித்த பிறகே சிலருக்குத் தோன்றியது, அவனவன் நம்பிக்கை அவனவனோடு இருக்கட்டும் என்று. அடுத்த படி: ராஜாவின் அதிகாரம் கடவுள் கொடுத்ததல்ல, ஜனங்கள் சம்மதித்துக் கொடுத்தது. அதற்கு எல்லை உண்டு. பிறருக்குக் கெடுதல் செய்யாதவரை ஒருவன் நினைப்பையும் பேச்சையும் யாரும் தடுக்கக்கூடாது.

சலிப்பில் பிறந்த கொள்கை. எனக்குப் பிடித்துப்போனது அதனால்தானோ என்னவோ.

15-6, வெள்ளி
பேசினேன். கைதட்டல். தலைவர் சாமிநாதன், மளிகைக் கடைக்காரர், மாலை போட்டார்.

பிறகு தையற்கடை முத்தையா எழுந்தார். சாமி இல்லையென்று பாசார் சந்தையில் நின்று பேசுகிறவர். "அப்படின்னா அண்ணே, ஞாயித்துக்கிழமை நான் இங்க பேசலாமா? நேர்த்திக்கடன் எதுக்குன்னு."

"அதெல்லாம் இங்க முடியாதுலா," என்றார் தலைவர்.

கமிட்டியில் இரண்டுக்கு இரண்டு. என் ஓட்டுத்தான் பாக்கி. அந்த ஆள் பேச்சு எனக்கு ஆகாது. முருகனைக் கும்பிடாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. பேசட்டும் என்றேன். தலைவர் அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தேன். களைப்பு.

17-6, ஞாயிறு
புழுக்கம். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க வந்துவிட்டதுபோல் கூட்டம்.

முத்தையா நன்றாகத்தான் ஆரம்பித்தார். பிறகு: "இந்த ஹால்லயே ஒருத்தர் இருக்கார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு பத்துமலை முருகனுக்குக் காவடி எடுத்தார். பிள்ளை பொழைச்சுதா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைவர் எழுந்தார். "செக்ரட்டரி, நிறுத்தச் சொல்லுங்க. உங்களைத்தான் சொல்றான்."

நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "பேசி முடிக்கட்டும்," என்றேன்.

அதன் பிறகு அவர்தான் தடுமாறினார். சீக்கிரம் முடித்துவிட்டார். வெளியே வந்து, "அண்ணே, உங்களை நோகடிக்கணும்னு இல்ல," என்றார்.

"நொந்துதான் போச்சு," என்றேன்.

18-6, திங்கள்
ஆபீஸ் போகவில்லை. வாசகசாலைச் சாவியைக் கேட்டுத் தலைவர் ஆள் அனுப்பினார். கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரி செல்லம்மா குழாயடியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். குடத்தை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க நிறுத்தலையாமே."

"இல்ல."

கோபித்துக்கொள்வாள் என்று இருந்தேன். இல்லை. "பிள்ளை பேரைச் சொன்னாரா?"

"சொல்லல."

"சொல்லியிருக்கலாம். அவன் போனதிலேருந்து யாரும் ரத்தினம்னு ஒரு தடவை சொல்லல. நீங்ககூட."

சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வந்தது. மீதியை அவள் சொன்னாள்.