மடியில இருந்தது

மாசி 3. திங்கள்.
காலையில நல்ல பனி. காயப்போட்ட துணி ஈரமாவே கெடக்கு. முழங்கால் வலி. தைலம் தீர்ந்துபோச்சு.

பேத்தி பிரியாவுக்கு எடம் அமைஞ்சிருக்கு. விழுப்புரத்துல கூட வேலை பாக்கற பையன். தானே பேசி முடிச்சிக்கினு வந்துதான் சொல்றா. வெள்ளிக்கிழமை பூ வைக்க வர்றாங்க, திண்டிவனத்துக்கு, நம்ம வீட்டுக்கு. போன்ல போட்டோ காட்டினா. பையனுக்கு நல்ல மூக்கு. பக்கத்துல ஒரு கெழவி. யாருடின்னேன்.

"அவரோட ஆயா. பேரு தனலட்சுமி. கெடார் கிராமத்துல நெலமெல்லாம் இருந்துச்சாம்."

கண்ணு தெரியலன்னு போனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். நல்லாத் தெரிஞ்சுது. அதே மூக்குத்தி.

மாசி 4. செவ்வாய்.
தைலம் வாங்கியாச்சு. மருமவ மல்லிகா சமையலறையைக் கழுவறா. யாருகிட்டயும் சொல்லல. இந்த நோட்டுல மட்டும் எழுதறேன்.

அப்ப கெடார்ல நான் புதுசா வாக்கப்பட்டவ. தனலட்சுமி நெலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கற வேலை. ஒரே சனம்தான். அவங்களுக்கு நெலம், எங்களுக்குக் கை. பொழுது சாய வரப்புல நிக்கறோம். தனலட்சுமி என் வயித்தையே பாத்தா.

"ஏ பொண்ணே, மடி கனமா இருக்குதே. உதறு."

அப்ப நான் அஞ்சு மாசம். தலைச்சன். வெளியில சொல்ல வெக்கம். வாயே வரல. உதறினேன். மண்ணுதான் விழுந்துச்சு. "மல்லாட்டையை உள்ள சொருவி வெச்சிருப்பா, இன்னொரு தரம் உதறு"ன்னா. எல்லாரும் சிரிக்கறாங்க. மறுபடி உதறினேன். சிரிச்சவங்க பேரு இன்னிக்கும் வரிசையா சொல்லுவேன். பாதிப்பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க.

எம்மவன் செல்வம் பொறந்ததும் திண்டிவனம் வந்துட்டோம். கெடார்னு பஸ்ஸுல எழுதியிருந்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

மாசி 5. புதன்.
இந்த எடம் வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். செல்வம் கேப்பான்.

சாயங்காலம் பிரியா ரயில்ல வந்ததும் வராததுமா என் காலுக்குத் தைலம் தேச்சுவிட்டா. "ஆயா, ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? ஒனக்குப் புடிக்கலன்னா சொல்லிடு, நான் வந்து..."

"பையன் மூக்கு நல்லாருக்குடி"ன்னேன்.

பேத்தி கல்யாணம் நடக்கட்டும். ஆனா அந்த தனலட்சுமியை விடமாட்டேன். பூ வெச்ச பின்னாடி பொண்ணு வீட்டுப் பெரியவதான் சம்பந்திக்குத் தாம்பூலம் கொடுக்கணும். எங்க பக்கம் அதைக் கையில வாங்க மாட்டாங்க, மடி ஏந்தித்தான் வாங்கணும். ஏந்தட்டும். சபையில சொல்றேன், "உதறு"ன்னு. கதவைச் சாத்திக்கினு சொல்லிப் பாத்தேன். நல்லா வருது.

மாசி 7. வெள்ளி.
நல்ல வெயில். வேன்ல வந்தாங்க. வடையில உப்பு தூக்கல். மல்லிகா ஒத்துக்க மாட்டேங்கறா.

தனலட்சுமி கூனிப்போயிட்டா. "சம்பந்தியம்மாவுக்கு எந்த ஊரு?"ன்னா.

"கெடார்ல இருந்தேன்."

"அட, நம்மூரு! யாரு வூடு?"

என்னைத் தெரியவே இல்ல. நான்தான் இத்தினி வருசம் இவளை நெனச்சிக்கினு இருந்திருக்கேன்.

பூ வெச்சாங்க. அப்புறம் தாம்பூலம். மடி ஏந்தினா. வெத்தலை பாக்கு, பழம், தேங்கா. கனம் தாங்கல, மடி தொங்குது. தேங்கா விழப்போவுது. எங்கை தானாப் போயி அடியில தாங்கிக்கிச்சு. சபையே பாக்குது. அந்த வார்த்தை நாக்கு நுனியில. பிரியா தலை நெறைய பூவோட என்னையே பாத்துக்கினு நிக்கறா.

தனலட்சுமி காதுகிட்ட குனிஞ்சேன். "அக்கா, உங்க நெலத்துல ஒருத்தியை மடி உதறச் சொன்னீங்களே, ரெண்டு தரம். நான்தான். அன்னிக்கு மடியில இருந்தது அதோ நிக்கறான் பாருங்க." எலை போட்டுக்கினு இருந்த செல்வத்தைக் காட்டினேன்.

பாத்தா. பாத்துக்கினே இருந்தா. அவளும் மடியை விடல, நானும் கையை எடுக்கல.

"புள்ளத்தாச்சின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க? உதறுன்னுதான சொன்னீங்க."

செல்வம் வந்து "சாப்புட வாங்கம்மா"ன்னு அவ கையைப் புடிச்சான். புடிச்ச கையை வேன் ஏறுற வரைக்கும் அவ விடல. என் பக்கம் திரும்பல. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இல்ல.

கோவம் அப்படியேதான் இருக்கு. கல்யாணத்துல அவ பக்கத்துல உக்கார மாட்டேன். எதிர்ல உக்காருவேன்.