மீசைக்காரர் அனுப்பும் பணம்

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அண்ணி எழுதுவது. சிரிக்காமல் படி. நீ எழுதிய எம்பிராய்டரி சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில், 'மீசைக்காரர்' என்று ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டு உன் உயிரை வாங்குகிறாரே, அது நான்தான். மீசை உன் அண்ணனுடையது. போட்டோவில் முகத்தை வெட்டிவிட்டு அதை மட்டும் வைத்தேன். நீ என்னை 'ஐயா' என்று எழுதும்போதெல்லாம் ஆஸ்பத்திரி சலவை அறையில் தனியாகச் சிரிக்கிறேன். கூட இஸ்திரி போடுகிறவள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

இங்கே இருவரும் சௌக்கியம். உன் அண்ணன் ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டு மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலை போக மிச்ச நேரத்தில் ஆசைக்குச் செய்கிறேன், யாரும் காசு தரவேண்டாம், உள்ளே எழுதியிருக்கும் புரோகிராமும் திறந்தே கிடக்கிறது, வேண்டியவர் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று பெருமையடித்தவன் நீ. இப்போது அதே பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது. மாதாமாதம் கொஞ்சம் தரலாமாம். ஒரே தடவையாகவும் தரலாமாம். வேண்டிய வசதியைக் கேட்டு அதற்குக் காசு கட்டலாமாம். ஒன்றும் பிடிக்காவிட்டால் படம் போட்ட கோப்பையாவது வாங்கலாமாம். கையில் காசு இருக்கிறவன் இத்தனை வாசல் திறந்து வைப்பானா?

அதுவும் போகட்டும். முன்பெல்லாம் மீசைக்காரர் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைதான் பதில் வரும். இப்போது நீ ஆபீஸில் இருக்கவேண்டிய நேரத்தில் உடனே வருகிறது. வீடியோவில் கூப்பிட்டால் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். கம்ப்யூட்டர்காரன் வீட்டில் கேமரா எத்தனை நாள் கெட்டுக் கிடக்கும்? உன் அண்ணனிடம் சொன்னேன். "அவனுக்கென்ன, பெரிய ஆபீஸ்ல ராஜா மாதிரி இருக்கான். நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்கிறார்.

நேராகப் பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவாய், போன தடவை அப்படித்தான் செய்தாய். அதனால் மீசைக்காரர் மாதாமாதம் தருகிறார். கோப்பையும் வாங்கினார். பொத்தான் துளை தைக்கும் வசதி வேண்டுமென்று காசும் கட்டியிருக்கிறார். அவருக்கு அது தேவையே இல்லை, மெதுவாகச் செய். பணத்தைத் திருப்பிவிடாதே. மீசைக்காரர் ரோஷக்காரர்.

ஆனால் போன வாரம், உங்களைப் போன்றவர்களால்தான் இந்த மாதம் ஓடுகிறது ஐயா என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை போயிருந்தால் போயிற்று என்று அண்ணனுக்கு ஒரு வரி எழுதிவிடு. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மீசைக்காரரிடம் சொல். உன் கட்டில் முன்னறையில் அப்படியே இருக்கிறது. மேலே என் நூல்கண்டுகள் கிடக்கின்றன, ஒதுக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய்.

உன் அண்ணி

பின்குறிப்பு: இதை எழுதும்போது எம்பிராய்டரி மெஷினை ஓடவிட்டிருந்தேன். உன் அண்ணனின் வேலைச் சட்டைப் பையில் போட்ட வாத்துப் படம் நன்றாக வந்திருக்கிறது. சட்டையின் முன்பக்கமும் முதுகும் சேர்ந்து தைபட்டிருக்கின்றன. நாளைக்கு அவருக்கு வேறு சட்டை இல்லை.