மாண்புமிகு மசீனாவும் பிரிண்டர் காகிதமும்

ஒட்டாரா, ஆக்லாந்து
மார்ச் 4

மாண்புமிகு தகவல் தொடர்பு அமைச்சர் மசீனா அவர்களுக்கு, பிரிந்து மூன்று வருடமாகியும் இன்னும் உன் கணவனாகவே இருக்கும் லெமெக்கி பணிவுடன் எழுதுவது.

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? கேபிள் கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம். சமோவா வானொலியில் புது அமைச்சர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். உன் பெயர் வந்ததும் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மீன்வளம் கொடுத்திருந்தால் கைதட்டியிருப்பேன். தகவல் தொடர்பு என்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன், "ஏன்டா முழிக்கிற? ஒம் பொண்டாட்டி மந்திரி ஆயிட்டா, சந்தோஷப்படுடா" என்று முதுகில் ஒன்று வைத்தான். சந்தோஷந்தான். கூடவே பயமும் இருக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினெட்டு வருடமாகக் கம்பியோடும் கணினியோடும் கிடக்கிறவன் நான். விவரம் தெரியாத அமைச்சரிடம் விவரம் தெரிந்த வியாபாரி வந்தால், எதை நீட்டினாலும் கையெழுத்து விழும். அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கடலுக்கடியில் ஓடும் கேபிளில் தொடங்கி எல்லாவற்றையும் இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். படமும் போட்டிருக்கிறேன். பொறுமையாகப் படி. கிடங்கில் என்னோடு வேலை செய்யும் தவிட்டா ஊருக்கு வருகிறான். அவன் பெட்டியில் இறைச்சி டின்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்லலாமென்றால் நீதான் எடுப்பதில்லையே.

அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
லெமெக்கி


அபியா
மார்ச் 17

லெமெக்கிக்கு,

இறைச்சி டின் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. நான்கை உன் அம்மா போதகர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. எண்ணெயில் பொரித்த பனிகேகே உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் இனிப்பைத் தொடுறதே இல்ல" என்கிறார். நான் வாரம் முழுக்க இங்கே தலைநகரில். வெள்ளிக்கிழமை கப்பலேறி சவாயித் தீவுக்கு, அவரிடம் போய்விடுகிறேன்.

தொலைபேசியை ஏன் எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியாதா? தேர்தலில் நிற்கிறேன் என்று நான் சொன்ன விருந்தை நினைத்துப் பார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "பிரிண்டருக்குப் பேப்பர் போடத் தெரியாது, இவ நாட்டுக்குச் சட்டம் போடப் போறாளாம்" என்றாய். முதலில் நீ சிரித்தாய். உன்னைப் பார்த்து நாற்பது பேரும் சிரித்தார்கள். மறுவாரம் ஆறு மாத வேலை என்று சொல்லி விமானம் ஏறினாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது, லெமெக்கி. சொல்லிவிட்டேன். இனி வேலையைப் பேசுவோம்.

உன் இருபத்திரண்டு பக்கத்தில் நான்கு பக்கம் படித்தேன். கண்ணாடி இழையில் வெளிச்சம் ஓடுகிற கதை அழகாகவே இருக்கிறது. ஆனால் கேபிளை நானா இழுக்கப்போகிறேன்?

இப்போது கேள். ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. நம் தீவுகளின் சுகாதார நிலையங்களில் இருக்கும் நோயாளிகளின் குறிப்புகள் அனைத்தையும் கணினியில் ஏற்றி, சிட்னியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். மே மாதம் மசோதா சபைக்கு வருகிறது. கொண்டுவர வேண்டியவள் நான். ஹாலோரன் என்று ஒருவர், சிரித்த முகம், எங்கள் குழுவுக்குப் படம் போட்டு விளக்கினார். நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் தலையாட்டினோம். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்த விருந்தாளியிடம் விளங்கவில்லை என்று சொன்னால் அவரை அவமதித்ததாகிவிடாதா? நானும் ஆட்டினேன். யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்: எனக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்லாதே. அதில் இருப்பது உன் அம்மாவின் குறிப்பு என்றால் நீ எதற்குப் பயப்படுவாய்? அதை மட்டும் எழுது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

மசீனா


ஒட்டாரா
மார்ச் 29

மசீனாவுக்கு,

உன் கடிதத்தை வேனில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். விருந்தைப் பற்றி நீ எழுதியதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்ற விஷயத்தில் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். நீ வாராவாரம் ஏறுகிற கப்பலின் தலைவனுக்கு இன்ஜின் தெரியாது என்றால் ஏறுவாயா? ஆளுகிறவர்களுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்கிறவன் சொன்னதுதான் சட்டம்.

ஆனாலும் நீ கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் வேலை செய்யவிடவில்லை. அம்மாவின் குறிப்பு என்றதும் என் இருபத்திரண்டு பக்கமும் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. இணைப்பு இல்லாத நேரத்தில் அந்தக் குறிப்பு எங்கே இருக்கும்? கம்பி அறுந்த இடங்களைத் தேடிப் போவதுதான் என் பிழைப்பு. புயல் வேண்டாம், ஒரு படகின் நங்கூரம் போதும், பள்ளம் தோண்டுகிறவனின் கடப்பாரை போதும். இப்படிப்பட்டவர்கள் போடும் படத்தில் கம்பி அறுவதே இல்லை, கவனித்தாயா? நகரத்தில், நல்ல அறையில், நல்ல இணைப்பில்தான் எப்போதும் காட்டுவார்கள். வேறு இடத்தில் காட்டச் சொல்.

நீ அனுப்பிய சேப்பங்கிழங்கு வந்தது. எனக்கா, தவிட்டா வீட்டுக்கா என்று சீட்டில் எழுதவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

லெமெக்கி


சவாயி, நம் வீடு
மே 3

அன்புள்ள லெமெக்கி,

முதலில் ஒன்று: அம்மா நன்றாக இருக்கிறார். முற்றத்தில் கோழியைத் திட்டும் சத்தம் கேட்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

கப்பல் தலைவரை நேரில் பார்த்தே கேட்டுவிட்டேன். "இன்ஜின் எனக்குத் தெரியாதும்மா. சத்தம் மாறினா தெரியும். கீழ எறங்கிப் போயி என்னடான்னு கேப்பேன். எனக்கு வெளங்குற மாதிரி அவன் சொல்ற வரைக்கும் கப்பல எடுக்க மாட்டேன்" என்றார். இதைவிட நல்ல பாடம் உன் இருபத்திரண்டு பக்கத்திலும் இல்லை.

இனி நடந்தது. கம்பெனி அபியாவில், காலை பத்து மணிக்கு இன்னொரு முறை இயக்கிக் காட்டுவதாகச் சொன்னது. நான், "எங்க ஊர்ச் சுகாதார நிலையத்துல காட்டுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு. தோட்டத்துக்குப் போனவங்களும் வந்து பாப்பாங்க" என்றேன். ஹாலோரன் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். நம் ஊரில் ஆறரைக்குச் சங்கு ஊதும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ போன பிறகு வந்த ஊர்த் தீர்மானம் ஒன்று இருக்கிறது. ஊருக்கே ஒரு இணையப் பெட்டிதான், அது போதகர் வீட்டில். மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியதும் போதகரின் மனைவி அதை அணைத்துவிடுவார். அதற்கு முன்பு பிள்ளைகள் ஜெபத்தின்போது பாயடியில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகாதார நிலையத்துக்கும் அந்தப் பெட்டிதான்.

ஆறு இருபத்தைந்துக்கு எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. குழுவின் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஹாலோரன் கணினியில் என் பெயரையே தட்டினார். என் எடை பெரிய எழுத்தில் திரையில் வந்தது. வந்திருந்த எல்லோரும் பார்த்தார்கள். அடுத்து நர்ஸ் தலியா ஒரு பெயர் சொல்ல, அவர் அதைத் தட்டும்போது சங்கு ஊதியது. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"காரில் வேறு கருவி இருக்கிறது" என்று ஹாலோரன் எழுந்தார். சாலையில் காவல் நின்ற இளைஞன் வாசலுக்கு வந்து, "உக்காருங்கய்யா. ஜெபம் முடியிற வரைக்கும் யாரும் நடக்கக் கூடாது" என்றான். பாவம், உட்கார்ந்தார். வீட்டுக்கு வீடு பாட்டு கேட்டது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது.

அந்தச் சிரிப்பு அடுத்த நிமிடமே போய்விட்டது. காவல் நின்ற இளைஞனே வழிவிட, பக்கத்து வீட்டார் உன் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறுகிறது. சங்கை நான் திட்டம் போட்டு வைத்தேன், இதை அல்ல. ஓடிப்போய் அவரைத் தாங்கி உட்காரவைத்தேன். தலியா ஒரு கணம் திரையைப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மேசைக்கு அடியிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மஞ்சள் அட்டை ஒன்றை உருவினாள். போன வாரந்தான் சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

"அம்மா, மத்தியானம் சாப்டீங்களா?"

"வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க. விருந்தாளி சாப்பிடாம நான் எப்படிம்மா சாப்பிடுவேன்?"

விரலில் குத்திச் சர்க்கரை மிகவும் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, இனிப்பாகக் கோக்கோ கலந்து தலியா அவரைக் குடிக்கவைத்தாள். கால் மணி நேரத்தில் உன் அம்மா எழுந்து உட்கார்ந்து ஹாலோரனைப் பார்த்து, "இந்தத் தம்பி ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? இதுக்கும் கொஞ்சம் கோக்கோ குடுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹாலோரன், எனக்கு விளங்கவில்லை. அந்த அட்டை சிட்னியில் இருந்திருந்தால் தலியா என்ன செய்திருப்பாள்?" என்று கேட்டேன். விளக்கினார். "இன்னும் விளங்கவில்லை" என்றேன். மறுபடி விளக்கினார். நான்காவது முறை கேட்டபோது, பதினோரு வருடமாக எல்லாக் கூட்டத்திலும் தலையாட்டிக்கொண்டிருக்கும் எங்கள் குழுவின் பெரியவர் துயியா எழுந்து, "மரியாதைக்காகத் தலையாட்டிட்டேன். எனக்கு அன்னிக்கும் வெளங்கல, இன்னிக்கும் வெளங்கல" என்றார். மற்ற மூன்று பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி முகத்தில்.

ஹாலோரன் சிரித்த முகம் என்று எழுதினேனே, நிஜமாகவே நல்லவர்தான். எங்களிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் குறிப்புகளின் பிரதி இருக்க வேண்டும். இணைப்பு இல்லாமலே அது திறக்க வேண்டும். அதை மசோதாவிலேயே எழுதிவிட்டோம். முடியும் என்கிறார்கள். கேட்டிருந்தால் முதலிலேயே செய்திருப்பார்களாம்.

கேட்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது உன் ஒரு வரி. சங்கு எப்போது ஊதும் என்பது எனக்கே தெரியும். இரண்டும் வேண்டியிருந்தது.

மசீனா


ஒட்டாரா
மே 11

என் மசீனா,

அம்மா நன்றாக இருக்கிறார் என்று நீ முதலில் எழுதியிருந்தும், மஞ்சள் அட்டை வந்த இடத்தில் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன். பிறகு கிடங்கில் எல்லோருக்கும் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வட்டம் சுற்றிய இடத்தில் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன், "இவ்வளவு கெட்டிக்காரியை விட்டுட்டு நீ இங்க என்னடா பண்ற?" என்று கேட்டான். விருந்துக் கதையையும் சொன்னேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தேடிக்கொண்டிருந்த பதில் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரு விஷயம் தெரியும், உனக்கு அது தெரியாது என்பதை வைத்து உன்னைச் சின்னவளாக்கினேன். ஐந்து பேரைத் தலையாட்ட வைப்பது இந்த மாதிரிச் சிரிப்புதான். விளங்கவில்லை என்று சொன்னால் என்னைப் போல ஒருவன் சிரிப்பான் என்று பயந்துதான் அவர்கள் வாய் திறக்கவில்லை. நீ நாலு முறை சொன்னாய். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

வேலையை விட்டுவிட்டேன். இந்த மாதம் நான்காவது சனிக்கிழமை மதியக் கப்பலில் வருகிறேன். பெரிய தப்பு செய்தவர்கள் நம் வழக்கப்படி பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு அந்த வீட்டு வாசலில் உட்காருவார்களே, நானும் உட்காருகிறேன். நீ வந்து பாயை எடுக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் லெமெக்கி


சவாயி
மே 17

லெமெக்கி,

பாய் வேண்டாம். அது கொலைக் குற்றத்துக்கு. உன் தப்பு அன்று மலை மாதிரி இருந்தது, இப்போது பிரிண்டர் அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் நீ சிரித்தது நாற்பது பேர் முன்னால். அந்த நாற்பது பேரையும் நீ வரும் சனிக்கிழமை விருந்துக்கு அழைத்திருக்கிறேன். முப்பத்தொன்பது பேர் வருகிறார்கள், ஒருவருக்குப் பல்வலி. எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் உன் வாயால் சொல். உன் அம்மா இரண்டு பன்றி சொல்லிவைத்திருக்கிறார். இந்த முறை எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சாப்பிட வேண்டும் என்று தலியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

மசோதா அதற்கடுத்த திங்கட்கிழமை சபைக்குப் போகிறது. திருத்திய பிரதியை வீட்டிலேயே அச்சடிக்க வேண்டும், நம் பழைய பிரிண்டரில். காகிதத்தை நான்தான் போடப்போகிறேன். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. உன்னைக் கேட்பேன், விளங்கும் வரை கேட்பேன். நீ பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். ஆனால் முதலில் சிரிப்பது நான்.

உன் மசீனா